தீவகத்துக் குடிநீரும் இடைவழிப் பம்பி நிலையமும்

தீவகத்திற் பிறந்தார்க்கு நீரின் அருமையை எடுத்துரைத்தல் வேண்டுவதன்று. எனினும், பம்பியொன்று பூட்டினால் தண்ணீர்க் குறை தீரும் என்னும் பேச்சினை எம் மாணவரிடத்தும் அவர்தம் பெற்றோரிடத்தும் அடிக்கடி கேட்கின்றோம். பம்பி நீரைத் தள்ளுமேயன்றி ஆக்காது. அதனை எவ்விடத்திற் பூட்டுவது என்பதிலேயே ஊரின் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன. தமிழாசிரியர்க்கு இயந்திரத்தோடு என்ன உறவு என நகைப்பாரும் உளர். குடத்தோடு வரிசையில் நின்றவர் எவரும் இதனைப் பேசுதற்கு உரியரே.

ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் ஆறில்லை. மாரி மழைநீர் சுண்ணக்கல்லினூடும் மணலினூடும் இறங்கி, கனத்த உவர்நீரின்மேல் வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், அதன்கீழ் ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் உண்டென்பது அறிஞர் கண்ட கணக்கு. இதனைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பெரிய இயந்திரம் பூட்டி அவ்வோரடியைக் குறைத்தவிடத்து, உவர் கீழிருந்து 40 அடி ஏறுதற்கு வழி திறக்கின்றது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த முன்னோர் இக்கணக்கைப் படித்தாரல்லர். அவர்தம் தோளின் அளவே கிணற்றுக்குக் காவலாயிற்று. வேலணைச் சாட்டி, நெடுந்தீவுச் சாராப்பிட்டி போன்ற நன்னீர் இடங்களிலும் பல கிணறுகளிற் பகிர்ந்து மெல்ல எடுத்தலே முறை.

இனி, எடுத்த நீரை வீடு சேர்த்தல். தீவகம் தட்டையான நிலம். ஆகலின் நீர்த்தாங்கியை உயரத்திற் கட்டி, அவ்வுயரத்தையே அமுக்கமாக்குகின்றனர். 10 மீற்றர் உயர நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கு ஒப்பாகும். குழாய் நீள நீள உராய்வு அவ்வமுக்கத்தைத் தின்றுவிடும். ஓட்டம் இருமடங்காயின் இழப்பு ஏறக்குறைய நான்மடங்காம். காலையில் யாவரும் குழாயைத் திறக்குங்கால், கடைசி வீட்டிற் காற்று மட்டும் வருதல் இதனாலேயே. இக்குறை நீக்க வழியிடையில் அமைப்பதே பூஸ்டர் எனப்படும் பம்பி நிலையம். வருநீர் முதலில் நிலத்துத் தாங்கியில் விழும். அங்கிருந்து பம்பி அதனை மேனிலைத் தாங்கிக்கு ஏற்றும். ஊர் உறங்கும் இரவில் நிரப்பிக் காலையில் வழங்கலாம். நெடுவழி வந்த நீரிற் குளோரின் குன்றுமாகலின், ஆங்கே மீண்டும் சிறிது சேர்ப்பதும் உண்டு.

குடாநாட்டுக்கு முதலில் இரணைமடுக் குளத்து நீரையே கொணர எண்ணினர். உழவர் மறுத்தமையாற் கடலை நாடினர். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் ஆக்கவல்ல தாழையடி நிலையம் 2024 ஆகஸ்டு 2 ஆந் திகதி திறக்கப்பட்டது. கீழ்க்கரையிலுள்ள அதன் நீர் பண்ணைத் தாம்போதி கடந்து மேற்கோடித் தீவுகளை அடைவதாயின், இத்தகைய இடைவழி நிலையங்களின் துணை வேண்டும்.

இங்கு யாம் கண்ட ஒன்றைக் கூறுதும். குழாயில் நீர் மெலிந்ததென்று ஒருவர் தம் வீட்டு மோட்டரை நேரே குழாயிற் பூட்டினார். ஒரு திங்களுள் அவ்வொழுங்கையில் நால்வர் பூட்டினர். கடைசி வீட்டு மூதாட்டி மீண்டும் குடமெடுத்தார். தீங்கு அம்மட்டோடு நில்லாது. உறிஞ்சப்படும் குழாயின் அமுக்கம் வெளியமுக்கத்தினுங் குறையுமாயின், பொருத்துக்களின் வெடிப்பினூடே மண்ணிலுள்ள அழுக்கு உட்புகும். குழாய்நீரைத் தானே விழவிட்டு நிலத்தொட்டியில் நிறைத்து, அத்தொட்டியிலிருந்து மோட்டரால் ஏற்றுவார்க்கு இக்குற்றமில்லை. பூஸ்டர் நிலையம் ஊரளவிற் செய்வதும் இதுவே. இதனை யாம் எடுத்துச் சொல்ல, நால்வரில் இருவர் தொட்டி கட்டினர். ஏனையிருவரோடு இன்னும் பேசி வருகின்றோம்.