ஒரே ரயில், இரண்டு மொழிகள்

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் பிற்பகல் ரயிலுக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் இருவரை எண்ணிப் பார்க்கலாம். இருவரும் உயர்நிலை மூன்றில் படிப்பவர்கள். ஒரே பள்ளி, ஒரே சீருடை. பள்ளி முடிந்த பிறகு வாரத்தில் ஒரு நாள் இருவரும் மொழி வகுப்புக்காக வேறிடம் செல்கிறார்கள். சீன மாணவன் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் ஸ்பானியம் படிக்கிறான். தமிழ் மாணவி பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் உயர்தமிழ் படிக்கிறாள். அவர்களுடைய பள்ளியில் உயர்தமிழ் வகுப்பு நடைபெறுவதில்லை.

கிராஞ்சியிலிருந்து பதினான்காவது நிலையம் நியூட்டன். அங்கு டௌன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. மீண்டும் ஒருமுறை மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கி நடக்க வேண்டும். பள்ளி முடிந்த களைப்போடு இவ்வளவு தூரம் செல்லும் மாணவியிடம், "தமிழ் உன் வீட்டு மொழிதானே, அதற்கு எதற்குத் தனி வகுப்பு?" என்று தோழிகள் கேட்பது இயல்பே. உயர்தமிழில் சேரும்வரை அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வீட்டில் பாட்டியோடு தமிழில் பேசுகிறாள். தமிழ்ப் படங்களை வரிகளின் துணையில்லாமல் பார்க்கிறாள். இதற்குமேல் என்ன வேண்டும்?

முதல் கட்டுரை திரும்பி வந்தபோது விடை கிடைத்தது. கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் அருகே குடும்பத்தோடு கழித்த ஒரு மாலைப்பொழுதைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். "காத்து நல்லா வீசிக்கிட்டு இருந்துச்சு" என்ற வரியின்கீழ் ஆசிரியர் கோடிட்டிருந்தார். "காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது" என்று அது இருக்க வேண்டும். "அம்மாவும் அப்பாவும் கறையில் உட்கார்ந்தார்கள்" என்ற வரியின் அருகே ஒரு கேள்விக்குறி. கரை என்பது நீரின் ஓரம்; கறை என்பது துணியில் படிவது. பாவம், அவளுடைய பெற்றோர் கறையின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

இதில் அந்த மாணவியின் குறை பெரிதாக எதுவும் இல்லை. தமிழில் பேசும் மொழியும் எழுதும் மொழியும் ஓரளவு விலகியே நிற்கின்றன. "வந்தாங்க" என்று பேசுபவர் "வந்தார்கள்" என்று எழுதுகிறார். "அவங்ககிட்ட" என்பது "அவர்களிடம்" ஆகிறது. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு முதல் வடிவம் கடினம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இரண்டாவது வடிவம் கடினம். இரண்டாவது வகைப் பிள்ளைக்கு ஓர் ஆபத்து உண்டு. தனக்குத் தமிழ் தெரியும் என்று அது நம்புகிறது. அதனால் தன் குறை அதன் கண்ணில் படுவதே இல்லை.

எழுத்துத்தமிழ்தான் சரி, பேச்சுத்தமிழ் பிழை என்று முடிவுகட்டுவதும் தவறு. சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்டத்தை 2005-ஆம் ஆண்டில் மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் நல்ல பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நூல்நடையில் மட்டுமே பேசக் கற்ற மாணவர்கள் கடைக்காரரிடமும் உறவினரிடமும் பேசத் தயங்கியதுண்டு. மேல்நிலையில் மொழி படிப்பவர் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். எந்த இடத்தில் எதை எடுப்பது என்றும் அறிந்திருக்க வேண்டும்.

இதற்குக் காது பழக வேண்டும். கிராஞ்சி வட்டாரத்தில் வெளிநாட்டு ஊழியர்களின் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. விடுமுறை நாளில் லிட்டில் இந்தியா செல்லும் தமிழ்நாட்டு ஊழியர்கள் ரயிலில் பேசுவதைக் கவனித்தால் ஒரே தமிழ் பல சாயல்களில் ஒலிப்பதைக் கேட்கலாம். தஞ்சாவூர்க்காரரின் பேச்சும் இராமநாதபுரத்துக்காரரின் பேச்சும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவரின் பேச்சு மேலும் வேறு. அந்த மாணவி முதலில் இவற்றைக் கேலிக்குரியவையாக நினைத்தாள். பிறகு, ஊருக்கு ஊர் மாறும் பேச்சுகளுக்கு இடையே எல்லாருக்கும் பொதுவாக நிற்பதுதான் எழுத்துத்தமிழ் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒலி 96.8 வானொலியின் செய்தியையும், அதே நிலையத்தின் உரையாடல் நிகழ்ச்சியையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகப் புலப்படும்.

ஸ்பானியம் படிக்கும் நண்பனின் நிலை வேறு. கல்வி அமைச்சு 2014-ஆம் ஆண்டில் ஸ்பானியத்தை மூன்றாம் மொழியாக அறிமுகப்படுத்தியது. அவன் உயர்நிலை ஒன்றில் ஒரு சொல்கூடத் தெரியாமல் தொடங்கினான். அவன் அறிந்த ஒவ்வொரு சொல்லும் வகுப்பில் கற்றது. ஆகவே, தனக்கு எது தெரியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ரயிலில் அவன் தன் பாடத்தை அவளிடம் ஒப்பிப்பான். ஸ்பானியத்தில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. நடுவிலுள்ள ரகரத்தை அழுத்தி உருட்டி 'பெர்ரோ' என்றால் 'நாய்'. "எங்கள் கரையும் கறையும் போல!" என்று அவள் சிரித்தாள்.

ஒப்பிட ஒப்பிட இன்னும் சில செய்திகள் வெளிவந்தன. 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு ஸ்பானியத்திலும் உண்டு. 'தூ' என்று நண்பரையும் 'உஸ்தெத்' என்று மதிப்புக்குரியவரையும் அழைப்பார்கள். 'ஆப்லோ' என்ற ஒரே சொல்லுக்குப் 'பேசுகிறேன்' என்று பொருள். 'நான்' என்று தனியே சொல்லத் தேவையில்லை. வினையின் முடிவே யார் பேசுகிறார் என்பதைக் காட்டிவிடும். 'பேசுகிறேன்' என்பதில் உள்ள 'ஏன்' விகுதி அதே வேலையைச் செய்வதை அவள் அன்றுதான் கவனித்தாள். பிறந்தது முதல் பயன்படுத்திய விகுதியை ஸ்பானியம் வந்து அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது! வேறொரு மொழியின் கண்ணாடியில்தான் சில வேளைகளில் நம் மொழியின் முகம் தெரிகிறது.

ஸ்பானியம் பேசும் வீடுகளில் வளரும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. வீட்டில் சரளமாகப் பேசும் அவர்கள், எழுத்திலக்கணத்திலும் கருத்தை வாதிட்டு எழுதுவதிலும் தடுமாறுகிறார்கள். அதனால் அங்குள்ள பல பள்ளிகள் அவர்களுக்கெனத் தனி வகுப்புகளை நடத்துகின்றன.

உயர்தமிழுக்குத் தயாராகும் மாணவர்களில் பலர் செய்யும் ஒரு வேலை, மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வது. அக்கட்டுரைகளில் தவறாமல் கதிரவன் உதிப்பான், பறவைகள் பாடும், தென்றல் தவழும். திருட்டைப் பற்றிய கதையிலும் கதிரவன் உதிப்பான். தேர்வில் தோற்ற கதையிலும் உதிப்பான். திருத்தும் ஆசிரியருக்கு அந்தக் கதிரவனை நன்றாக அடையாளம் தெரியும். கடன்வாங்கிய வரி, கேட்கப்பட்ட தலைப்போடு ஒட்டுவதில்லை. காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு அதைப்பற்றிக் கருத்துரைக்கச் சொல்லும் வாய்மொழித் தேர்விலோ மனப்பாடம் அறவே உதவாது.

அந்த மாணவியின் ஆசிரியர் வேறொரு பயிற்சி கொடுத்தார். கண்ணால் பார்க்கும் இடத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். பார்க்காத கதிரவனைச் சேர்க்கக் கூடாது. அவள் சுங்கை பூலோ ஈரநிலத்தைத் தேர்ந்தெடுத்தாள். 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002-இல் இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அதற்குமுன் அங்கு இறால் பண்ணைகள் இருந்தன. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கின் குளிர்நாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகள் அங்குள்ள சேற்றுநிலத்தில் இரை தேடும்.

அங்கு நின்றபோது அவளுக்குச் சொற்கள் போதவில்லை. எல்லாமே 'பறவை', எல்லாமே 'மரம்'. வீட்டுக்கு வந்து அகராதியையும் பாட்டியையும் மாறி மாறிக் கேட்டாள். நீண்ட அலகால் சேற்றைக் குத்தும் சிறு பறவை உள்ளான். உப்புநீரில் வேரூன்றி நிற்கும் மரங்கள் அலையாத்தி. கரையோரம் ஊர்ந்தது உடும்பு. கடல்நீர் வந்து ஏறுவதும் இறங்குவதும் ஏற்றம், வற்றம். 'வற்றம்' என்ற சொல் பாட்டிக்கும் புதிதாக இருந்தது. 'வத்திப்போச்சு' என்பதை மட்டுமே அவர் அறிந்திருந்தார். வற்றுதலும் வத்துதலும் ஒன்றே என்று கண்டுபிடித்தபோது இருவருக்கும் மகிழ்ச்சி.

வருணனை ஓரளவு கைவந்தபின் வாதம் தொடங்கியது. அதற்கும் கிராஞ்சியே தலைப்பைக் கொடுத்தது. சிங்கப்பூரின் குதிரைப் பந்தயத் திடல் 1999 முதல் கிராஞ்சியில் இருந்தது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்தது. 120 ஹெக்டேருக்கும் கூடுதலான அந்த நிலம் வீடுகளுக்கும் பிற தேவைகளுக்கும் பயன்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது சிறந்தது? இதுதான் ஆசிரியர் கொடுத்த கேள்வி.

முதல் வரைவில் அவள், "வீடுகள் கட்டலாம், ஏனென்றால் வீடு முக்கியம்" என்று எழுதி, அதே கருத்தை மூன்று பத்திகளில் திரும்பத் திரும்பச் சொன்னாள். "உன் கருத்தை ஏற்காதவர் என்ன சொல்வார்?" என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதினார். அந்த ஒரு கேள்வி கட்டுரையை மாற்றியது. அருகிலுள்ள ஈரநிலத்துக்கு வரும் பறவைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. திடலில் வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. 'எனினும்', 'மாறாக', 'இதை மறுப்பவர்கள்', 'ஒருவேளை' முதலிய சொற்கள் அப்போதுதான் அவளுக்குத் தேவைப்பட்டன. இணைப்புச் சொற்களைப் பட்டியலாகப் படித்தபோது பதியாதவை, எதிர்க்கருத்தோடு மோதியபோது பதிந்தன.

தகவல் தேடியபோது அவள் எதிர்பாராத ஒன்றைக் கண்டாள். 1842-இல் தொடங்கிய பந்தய மன்றத்தின் முதல் திடல் இருந்த இடம், அவள் தமிழ் படிக்கப் போகும் ஃபேரர் பார்க்! 1933-இல்தான் பந்தயங்கள் புக்கிட் தீமாவுக்கு மாறின. அருகிலுள்ள ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அப்பெயர் வந்த காரணமும் அதுவே. வாரந்தோறும் கடைசித் திடலின் அருகிலிருந்து முதல் திடலின் அருகே பயணம் செய்திருக்கிறாள். முன்னொரு திடல் நகரத்தின் பகுதியாக மாறிய கதையே அவளுடைய வாதத்துக்குச் சான்றாயிற்று. அதை எந்த மாதிரிக் கட்டுரையும் அவளுக்குத் தந்திருக்காது.

அவள் படிக்கும் நிலையத்தின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைத் தாங்கிய பள்ளிதான் சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி. அது 1982-இல் மூடப்பட்டது. அதன்பின் எல்லாப் பாடங்களையும் தமிழில் படித்த தலைமுறை இங்கு உருவாகவில்லை. வீட்டிலும் தமிழ் குறைந்துவருகிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு.

இந்நிலையில் உயர்தமிழ் ஒரு விந்தையான இடத்தில் நிற்கிறது. அதில் போதிய தேர்ச்சி பெற்றவர் தொடக்கக் கல்லூரியில் எச்1 தமிழ் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதாவது, நன்றாகத் தமிழ் கற்றவரே முதலில் தமிழ் வகுப்பிலிருந்து விடைபெறலாம். பதினாறு வயதில் பலர் அப்படி விடைபெறுகிறார்கள். பாடச்சுமையை நினைத்தால் அவர்களைக் குறைகூறவும் முடியாது. சிலர் எச்2 நிலையில் 'தமிழ்மொழியும் இலக்கியமும்' பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கு கவிதையையும் கதையையும் படித்துத் தம் சொந்தக் கருத்தை நிறுவ வேண்டும். மனப்பாடத்தால் உயர்தமிழில் மதிப்பெண் பெற்றவர் அங்கு திணறுவார். அந்த மாணவி எந்தப் பக்கம் போவாள் என்று இப்போது சொல்ல முடியாது. அவளே இன்னும் முடிவு செய்யவில்லை.

பந்தயத் திடல் கட்டுரையை அவள் மூன்றாம் முறை எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் அது கைக்கு வந்தது. வீடு திரும்பும் ரயிலில் அதைப் பிரித்துப் பார்த்தாள். ஆற்றங்கரை சரியாக இருந்தது. காற்று ஒழுங்காக வீசிக்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் மட்டும் சிறிய சிவப்புக் குறி ஒன்று. 'வீட்டு தேவை' என்று அவள் எழுதியிருந்த இடத்தில், இரு சொற்களுக்கும் நடுவே ஆசிரியர் ஒரு 'த்' சேர்த்திருந்தார்.