கல்லூரி நூலகத்தில் நமக்கு நாமே பயிற்சி: 9 குறிப்புகள்

வெளியூர்ப் பயிலரங்குக்கு ஆண்டுக்கு ஒருவரை அனுப்புவதே பல கல்லூரிகளில் பெரிய காரியம். மற்றவர்கள் எப்போது கற்பது? ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லித்தர நூலகத்துக்குள்ளேயே வழி இருக்கிறது.

1. ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள்: 'சொல்லித் தருவேன்', 'கற்றுக்கொள்ள வேண்டும்'. நூலகர் முதல் புத்தகம் அடுக்கும் உதவியாளர் வரை எல்லோரும் எழுதட்டும். இரண்டையும் பொருத்தினால் பாடத்திட்டம் தயார்.

2. காலை ஷிஃப்ட் முடிந்து மாலை ஷிஃப்ட் தொடங்கும் வேளையில் இரு தரப்பும் இருப்பார்கள். வாரம் ஒரு நாள், அந்த நேரத்தில் அரை மணி போதும். செமஸ்டர் தேர்வு நெருங்கும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

3. ஒரு வகுப்புக்கு ஒரே வேலை. நூலக மென்பொருளான கோஹாவைக் கற்பிக்க, 'கோஹா பயிற்சி' என்று பொதுவாக வைத்தால் எதுவும் மனதில் நிற்காது. 'புதுப் புத்தகம் ஏற்றுவது' என்று வையுங்கள்: 020 என்ற புலத்தில் ஐஎஸ்பிஎன், 100-ல் ஆசிரியர், 245-ல் தலைப்பு, 952-ல் பிரதி விவரம்.

4. கீபோர்டு கற்பவர் கையில் இருக்கட்டும். சொல்லித்தருபவர் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்லட்டும். செய்து பார்த்த கைக்குத்தான் மறக்காது.

5. கோஹா இலவச மென்பொருள். பழைய கணினி ஒன்றில் தனியாக நிறுவிப் பழகுங்கள். பழகும்போது செய்யும் தவறால் எந்த மாணவர் கணக்கிலும் அபராதம் ஏறாது.

6. பத்துப் புத்தகங்களை எடுத்து, ஆளுக்கு ஆள் தனித்தனியே டூயி வகைப்பாட்டு எண் போட்டுப் பாருங்கள். தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்பதில் சிக்கல் வராது; பதிப்புரையும் ஆய்வும் கலந்த நூலில் வரும். பெயரிலும் அப்படித்தான். ஒருவர் 'மு. வரதராசன்' என்றும் மற்றவர் 'வரதராசன், மு.' என்றும் ஏற்றினால், ஒரே ஆசிரியர் கேட்டலாகில் இரண்டாகிவிடுவார். பேசி முடித்ததை 'நம் நூலக வழக்கம்' என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

7. இஷ்யூ கவுண்டரில் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளைக் குறித்து வையுங்கள். 'சோத்கங்காவில் இந்த ஆய்வேடு எங்கே?', 'என்-லிஸ்ட் மின்வளங்களை வீட்டிலிருந்து திறப்பது எப்படி?' இவைதாம் அடுத்த மாத வகுப்புகள்.

8. 'எனக்கென்ன தெரியும்' என்று தயங்குபவரிடம் எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றிச் சொல்லுங்கள். கணிதம் கற்பித்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியலை அதன்பிறகுதான் கற்றார். 1929-ல் அவர் முயற்சியில் சென்னையில் நூலகர் பயிற்சி வகுப்பே தொடங்கிவிட்டது. அவர் நினைவாக நாம் கொண்டாடும் ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தில் முதல் வகுப்பை வைக்கலாம்.

9. ஓய்வு பெறப்போகிறவரிடம் ஆறு மாதம் முன்பே உட்காருங்கள். பழைய அக்செஷன் பதிவேட்டின் கையெழுத்துக் குறிகள், நன்கொடையாக வந்த நூல்கள் இருக்கும் ரேக், பைண்டிங்குக்குப் போய்த் திரும்பாதவை என எல்லாம் அவர் நினைவில்தான் இருக்கும். ரேக் ரேக்காக அவரோடு நடந்து, அவர் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். விடைபெறும் நாளில் சால்வை போர்த்துகிறோம். அதற்கு முன் அவரை ஆசிரியராக உட்கார வைப்பதே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.