படைவீரனும் டைனோசரும்

முன்னுரை

துப்பாக்கி ஏந்திய படைவீரர் சிலர் வழிதவறி ஒரு தீவை அடைகின்றனர். உலகில் வேறெங்கும் அழிந்துபோன டைனோசர்கள் அங்கே உயிரோடு உலவுகின்றன. வீரர்கள் பிழைப்பார்களா, மடிவார்களா? இந்த ஒரு கருவை வைத்து ஆங்கிலத்தில் எழுந்த கதைகளும் படக்கதைகளும் திரைப்படங்களும் பல. சிறுவர் படித்துவிட்டு மறந்துபோகும் பொழுதுபோக்கு என்று இவற்றை ஒதுக்கிவிடுவதே வழக்கம். நம் பாடத்திட்டத்திலும் இவற்றுக்கு இடமில்லை. ஆயினும் ஒரே கரு வெவ்வேறு ஆண்டுகளில் எவ்வாறு உருமாறியது என்று நோக்கினால், இலக்கியம் பயில்வோரும் வரலாறு பயில்வோரும் கற்கத்தக்க பாடம் ஒன்று அதில் உண்டு என்பது என் கருத்து. அதனை மூன்று சான்றுகள் கொண்டு இங்கு ஆராய முற்படுகிறேன்.

கதைவகையின் இயல்பு

மாயக்கதைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் உலகம் முழுவதுமே கற்பனை. அங்கே மலையும் ஆறும் மன்னனும் மந்திரமும் ஆசிரியர் படைத்தவை. இரண்டாம் வகையில் உலகம் நம்முடையதே. ஆண்டு, நாடு, கப்பல், துப்பாக்கி அனைத்தும் உண்மை. நடக்கவியலாத பொருள் ஒன்று மட்டும் அதனுள் நுழைகிறது. பாலில் சிறிது பிரை விழுந்தால் போதும், பால் முழுவதும் தயிராகிவிடும் அன்றோ? அதுபோல அந்த ஒன்று கதை முழுவதையும் மாற்றிவிடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட கதைகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

டைனோசரைக் காண அறிஞர்கள் போன கதையும் உண்டு. ஆர்தர் கோனன் டாயில் 1912-இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் வேர்ல்டு’ என்னும் நாவலில் பேராசிரியர் இருவர், வேட்டைக்காரர் ஒருவர், செய்தியாளர் ஒருவர் என நால்வர் தென் அமெரிக்கப் பீடபூமி ஒன்றுக்கு ஏறிச் செல்கின்றனர். அவர்கள் அங்கு போவது அறியும் வேட்கையால். படைவீரன் நிலை வேறு. அவனுக்குக் கட்டளை உண்டு, கருவி உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பகைவன் உண்டு. டைனோசரைக் காணும் முன்பே அவனுக்குப் பகை இருக்கிறது. விலங்கு வந்தபின் அந்தப் பகை என்னவாகிறது? இவ்வகைக் கதைகள் அனைத்துக்கும் இதுவே உயிர்நாடியான வினா.

முதற் சான்று: 1918

எட்கர் ரைஸ் பரோஸ் டார்ஜானைப் படைத்தவர் என்பதை நாம் அறிவோம். இளமையில் அமெரிக்கக் குதிரைப்படையில் சிறிது காலம் பணியாற்றியவர். அவர் எழுதிய ‘தி லேண்ட் தட் டைம் ஃபர்காட்’ என்னும் கதை 1918 ஆகஸ்டில் ‘புளூ புக்’ இதழில் வெளிவந்தது. முதல் உலகப்போர் அப்போது முடியவில்லை.

கதை இதுதான். போவன் டைலர் என்னும் அமெரிக்கன் பிரான்சுக்குச் செல்லும் கப்பலை, யு-33 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடிக்கிறது. அந்த நீர்மூழ்கியைக் கட்டியவர்களுள் டைலரும் ஒருவன் என்பது கதையின் கூர்மை. தன் கைவேலையே தன்னைக் கொல்ல வருகிறது! ஆங்கிலேயரின் சிறு கப்பல் ஒன்றால் காப்பாற்றப்பட்ட அவன், அவர்களோடு சேர்ந்து அதே நீர்மூழ்கியைக் கைப்பற்றுகிறான். ஆனால் ஜெர்மானியக் கப்பலில் வருவோரை நேசநாட்டுக் கப்பல்கள் எப்படி நம்பும்? அவையும் விரட்டுகின்றன. உள்ளிருக்கும் ஒருவனின் சதியால் திசை தவறி, தென்கடலில் கப்ரோனா என்னும் தீவை அடைகின்றனர்.

அங்கே டைனோசர்கள். இப்போது இரு தரப்பினருக்கும் உயிர் ஒன்றே கவலை. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் உடன்பாடு செய்துகொண்டு ஒன்றாக ஒரு கோட்டை கட்டுகின்றனர். பகை மறைந்தது என்றே படிப்பவர் எண்ணுவர். கச்சா எண்ணெய் கிடைக்கிறது. அதைச் சுத்திகரித்து எரிபொருளாக்கியதும் ஜெர்மானியத் தலைவன் ஃபான் ஷோன்வோர்ட்ஸ் கோட்டையின்மீது குண்டு வீசிவிட்டுக் கப்பலோடு போய்விடுகிறான். டைனோசர் தகர்க்காத கோட்டையின்மீது, அதைச் சேர்ந்து கட்டியவர்களே குண்டு வீசினார்கள்.

போர் நடக்கும்போது எழுதிய கதை இது. பகைவனை நல்லவனாகக் காட்ட அன்றைய வாசகர் இசைந்திருக்கமாட்டார்.

இரண்டாம் சான்று: 1960

அமெரிக்காவின் டி.சி. நிறுவனம் ‘ஸ்டார் ஸ்பேங்கிள்டு வார் ஸ்டோரீஸ்’ என்னும் படக்கதை இதழில் 1960-இல் ‘தி வார் தட் டைம் ஃபர்காட்’ என்னும் தொடரைத் தொடங்கியது. கதை ராபர்ட் கனிகர். படம் ராஸ் ஆண்ட்ரு, மைக் எஸ்பொசிட்டோ. 1968 வரை அது வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் கடல் தீவுகளில் இறங்கும் அமெரிக்க வீரர்கள் டைனோசர்களோடு பொருதுவதே இதன் பொருள்.

பசிபிக் போரில் அமெரிக்காவின் பகைநாடு ஜப்பான். ஆனால் இத்தொடரில் பெரும்பாலும் பகைவன் இடத்தில் நிற்பது விலங்கே. பீரங்கியும் கையெறி குண்டும் டைனோசர்மீது பாய்கின்றன. இத்தொடர் தொடங்கிய அதே ஆண்டில், 1960 ஜனவரியில், அமெரிக்காவும் ஜப்பானும் புதிய பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆசிரியர் அதை எண்ணித்தான் எழுதினார் என்று நான் கூறவில்லை. பழைய பகைவன் நண்பனாகிவிட்ட காலத்தில், போரின் வீரச்சுவை மட்டும் வேண்டும் என்றால், எவர் மனமும் புண்படாத பகைவன் ஒருவன் தேவைப்படுகிறான். டைனோசருக்குத் தூதரகம் இல்லை!

மூன்றாம் சான்று: 1975

பரோஸின் கதையைக் கெவின் கானர் 1975-இல் திரைப்படமாக்கினார். திரைக்கதை எழுதியவர்கள் மைக்கேல் மூர்காக்கும் ஜேம்ஸ் காதார்னும். தீவும் கப்பலும் விலங்குகளும் நாவலில் உள்ளவையே. மாறியது ஜெர்மானியத் தலைவன். நாவலில் வாக்குத் தவறிய அதே ஃபான் ஷோன்வோர்ட்ஸ், இங்கே கற்றறிந்தவன். தீவின் உயிரினங்களைக் கண்டு வியந்து, அவற்றின் தோற்றமுறையை ஆராய விரும்புபவன். நாவலில் வரும் பெண்ணும் இங்கே உயிரியல் பயின்றவளாகிறாள். இருவரும் நாடு மறந்து பேசுவதற்கு அறிவியல் ஒரு பொதுமொழி ஆகிறது.

அப்படியானால் துரோகம் எங்கே போயிற்று? அது போகவில்லை. டீட்ஸ் என்னும் துணை அதிகாரி தன் தலைவனையே சுட்டுவிட்டுக் கப்பலைக் கிளப்புகிறான். எரிமலை பொங்கிக் கொதிக்கும் நீரில் கப்பல் மூழ்குகிறது. 1918-இல் தீமைக்கு நாடு இருந்தது. 1975-இல் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் நேட்டோ அமைப்பில் தோழமை நாடுகள். எனவே தீமை நாட்டை விட்டு மனிதனிடம் வந்து சேர்ந்தது. இது ஒரு வளர்ச்சி என்றே கொள்கிறேன்.

மூன்று சான்றுகளிலும் விலங்கு மாறவில்லை. மாறியது, யாரை வெறுக்கலாம் என்னும் எண்ணமே.

கதைக்கு வெளியே

உண்மை வரலாற்றில் படைவீரனும் டைனோசரும் சந்தித்ததுண்டா என்று கேட்கலாம். உண்டு. 1916 டிசம்பரில் ‘மவுண்ட் டெம்பிள்’ என்னும் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘மோவே’ அட்லாண்டிக் கடலில் மூழ்கடித்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஸ்டெர்ன்பர்க் தோண்டியெடுத்து இலண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிய டைனோசர் எலும்புகள் அதில் இருந்தன. அவை இன்றும் கடலடியில் கிடக்கின்றன.

எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்னும் ஜெர்மானிய அறிஞர் எகிப்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1915-இல் ஸ்பைனோசாரஸ் என்னும் இனத்தை உலகிற்கு அறிவித்தார். அவை மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தன. இரண்டாம் உலகப்போரில் அவற்றைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றும்படி அவர் வேண்டினார், பொறுப்பாளர் இசையவில்லை. 1944 ஏப்ரலில் பிரிட்டானிய விமானங்கள் வீசிய குண்டில் அனைத்தும் அழிந்தன. கதைகளில் டைனோசர் படைவீரனைக் கொல்கிறது. வரலாற்றிலோ, பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் தப்பியிருந்த எலும்புகளை இரு போர்கள் அழித்துவிட்டன.

முடிவுரை

மற்றொரு சந்திப்பையும் குறிப்பிடாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. 1828-இல் ஜபல்பூரில் வில்லியம் ஸ்லீமன் என்னும் படைக் கேப்டன் கல்லாகிப்போன எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். ‘டைனோசர்’ என்னும் சொல்லை ரிச்சர்டு ஓவன் உருவாக்கியது 1842-இல்தான். தாம் எடுத்தது எதன் எலும்பு என்று ஸ்லீமனுக்குத் தெரியாது. ஆனாலும் எடுத்து வைத்தார். 1877-இல் லைடெக்கர் அந்த விலங்குக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார்.

படைவீரனும் டைனோசரும் என்றால் துப்பாக்கி வெடிக்கும் காட்சியே நம் கண்முன் வருகிறது. தனக்குத் தெரியாத ஒன்றைச் சுடாமல் குனிந்து எடுத்துப் பார்த்த அந்தப் படைவீரனைக் கதாசிரியர் எவரேனும் எழுதினால், நான்காம் சான்றாக அதை மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வேன்.