மூச்சுக் கருவியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்



மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிக்கு நெபுலைசர், ஆக்சிஜன், வென்டிலேட்டர் ஆகியவை உயிர் காக்கும் கருவிகள். ஆனால் அவற்றின் ஈரத்தில் கிருமி வளர்ந்துவிட்டால், அவையே நோயாளிக்கு நிமோனியாவைக் கொண்டுவரலாம். துணைக்கு இருக்கும் நாம் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

நெபுலைசர், மருந்தை மிக நுண்ணிய துளிகளாக்கி நுரையீரலின் ஆழம்வரை அனுப்புகிறது. மருந்துக் குப்பியில் பாக்டீரியா இருந்தால் அதுவும் அத்துளிகளோடு உள்ளே போகும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா பெருகுவதற்குத் தேங்கிய தண்ணீரே போதும்.

1960களில் அமெரிக்காவின் டல்லாஸ் நகர மருத்துவர்கள் இதை ஆராய்ந்தனர். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து, அதைக் கொண்டு கருவிகளை அன்றாடம் சுத்திகரித்தபோது, நுரையீரலை அரிக்கும் கடும் நிமோனியா குறைந்தது.

இன்று சுத்திகரிப்பு மருத்துவமனையின் பொறுப்பு. ஆனாலும் ஆக்சிஜன் பாட்டிலில் தண்ணீர் குறைந்தால், நல்லெண்ணத்தில் நாமே வார்டுக் குழாயில் பிடித்து ஊற்றிவிடுகிறோம். இது ஆபத்து. ஆகவே,

1. அந்தப் பாட்டிலில் கிருமி நீக்கிய தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். மீதமுள்ள நீரின் மேலேயே ஊற்றாமல், அதைக் கொட்டிச் சுத்தம் செய்த பிறகே நிரப்ப வேண்டும். இதை நர்ஸிடம் சொல்லிச் செய்யுங்கள்.

2. நெபுலைசர் மாஸ்க்கும் குப்பியும் ஒருவருக்கு உரியவை. பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம்.

3. வென்டிலேட்டர் குழாயில் நீர் சேர்ந்திருந்தால் அதைத் தூக்கவோ அசைக்கவோ வேண்டாம். அந்த நீர் நோயாளியின் பக்கம் வழியக்கூடாது. உடனே நர்ஸை அழையுங்கள்.

4. நோயாளியையோ கருவியையோ தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வீட்டில் நெபுலைசர் பயன்படுத்துவோர், ஒவ்வொரு முறையும் எஞ்சிய மருந்தைக் கொட்டி, குப்பியையும் மாஸ்க்கையும் சோப்பு நீரில் கழுவி, கொதித்து ஆறிய நீரில் அலசுங்கள். நீரை உதறிவிட்டு, சுத்தமான துணியின் மேல் நன்றாக உலர விடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைக்காதீர்கள்.

நம் அறக்கட்டளையில் நெபுலைசர் இரவல் பெறுவோர், இயந்திரத்தை மட்டும் பெற்றுக்கொண்டு மாஸ்க், குப்பி, குழாய் ஆகியவற்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். இரவல் கருவி ஓர் அமானிதம். அடுத்து அதைப் பயன்படுத்தப்போகும் நோயாளியை மனதில் வைத்து, துடைத்துச் சுத்தமாகத் திருப்பித் தாருங்கள்.