விலை மலிந்த தோட்டா: எத்தனை வெடிக்கும், எத்தனை பொய்க்கும்?

ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர் கேட்டிருக்கிறார்: "என் தகப்பனார் காலத்து பாயின்ட் டூ டூ ரைபிள் உரிமத்துடன் என்னிடம் இருக்கிறது. சேலத்துக்கு இறங்கி ரைபிள் கிளப்பில் சுட்டுப் பழகுகிறேன். விலை குறைந்த தோட்டாவாக ஐம்பது வாங்கினேன். அதில் ஐந்து வெடிக்கவில்லை. வெடித்தவையும் ஒரே இடத்தில் படவில்லை. கோளாறு துப்பாக்கியிலா, தோட்டாவிலா, மலை ஈரத்திலா? இதை நம்பி இரவில் தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றியைச் சுடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. காட்டுப்பன்றி 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படியும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பு பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கே தரப்பட்டிருக்கிறது. தோட்டக்காரருக்கு அல்ல. ஏற்காட்டில் காட்டை விட்டு 3 கிலோமீட்டர் தள்ளியுள்ள தோட்டங்கள் எத்தனை என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் இந்தத் தோட்டா அந்த வேலைக்கு ஆகாது. இதன் ஈயக் குண்டு சாதாரணமாக 2.6 கிராம் எடை. நன்கு வளர்ந்த பன்றியை இது கொல்லாது, காயப்படுத்தும். சேர்வராயன் மலையில் இருட்டில் புதர் அசைந்தால் அது பன்றியாகவும் இருக்கலாம், காட்டெருமையாகவும் இருக்கலாம். இரவில் காயம்பட்ட விலங்கு விடியற்காலையில் எங்கே படுத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கூடையோடு காபிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள்தான் அதை முதலில் சந்திப்பார்கள். ஆகவே இந்தப் பாடம் குறிப்பலகையில் சுட்டுப் பழகுவோருக்கு மட்டுமே.

வேளாண் பக்கத்தில் தோட்டாவைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். மலைத் தோட்டங்களில் உரிமத் துப்பாக்கிகள் இருக்கின்றன. என்.சி.சி.யில் இருந்த வாசகர்கள் பலர் முதன்முதலில் சுட்டதும் இந்த பாயின்ட் டூ டூ ரைபிளில்தான். தவிர, அன்பர் கேட்டிருக்கும் கேள்வி அடிப்படையில் விதைப் பரிசோதனைக் கேள்வி. மலிவாக வாங்கிய ஒரு குவியலில் எத்தனை பொய்க்கும், மீதி ஒன்றுபோல் இருக்குமா என்பதே அது.

தோட்டா எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பெரிய துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பக்க நடுவில் ஒரு சிறு கிண்ணம் தனியே பொருத்தப்பட்டிருக்கும். தீப்பொறி தரும் மருந்து அதற்குள் இருக்கும். பாயின்ட் டூ டூவில் அந்தக் கிண்ணம் கிடையாது. பித்தளைக் குப்பியின் அடிவிளிம்பு உள்ளே குடைவாக மடிக்கப்பட்டிருக்கும், அந்தக் குடைவுக்குள்ளேயே மருந்து. ரிம் ஃபயர் என்ற பெயர் இதனால் வந்தது. ஈரப்பதத்தில் இருக்கும் மருந்தைக் குப்பிக்குள் ஒரு துளி இட்டு, வேகமாகச் சுழற்றி, விளிம்பைச் சுற்றிலும் பரவச் செய்கிறார்கள். உலர்ந்த பிறகு வெடித்தூளும் குண்டும் சேர்கின்றன. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது அந்த இடத்து மருந்து பற்றிக்கொள்கிறது.

இந்தச் சுழற்சியில்தான் கோளாறு பிறக்கிறது. விளிம்பின் ஒரு பக்கத்தில் மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி அந்த இடத்தில் விழுந்தால் தோட்டா ஊமையாகிவிடும். அதே தோட்டாவைச் சற்றுத் திருப்பிப் போட்டால் வெடித்துவிடுவதும் உண்டு. அடியில் கிண்ணம் உள்ள தோட்டாவில் மருந்து அளந்து தனியே வைக்கப்படுவதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஆனால் இந்த அமைப்பு மலிவானது. சிறிய தோட்டா, குறைந்த பித்தளை, வேகமான இயந்திரம். 1857-ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் இதன் குட்டை வடிவத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நாம் உபயோகிக்கும் நீண்ட வடிவம் 1887-ல் வந்தது. அங்கே 500-க்கு மேற்பட்ட தோட்டாக்களை ஒரே டப்பாவில் கொட்டி விற்கிறார்கள். நம் ஊரில் 50 கொண்ட பெட்டிகளே வழக்கம், அதுவும் உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு உட்பட்டு. நம் நாட்டில் 2021 அக்டோபர் 1 அன்று ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகு, அரசின் தோட்டாத் தொழிற்சாலைகள் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்துள்ளன.

மலிவு என்பதால் கெட்டது என்று அர்த்தமல்ல. போட்டித் தோட்டாவுக்கும் மலிவுத் தோட்டாவுக்கும் பித்தளையும் ஈயமும் ஒன்றுதான். இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பதற்கும், அடிக்கடி மாதிரி எடுத்துச் சுட்டுப் பார்ப்பதற்கும், தேறாத குவியலைக் கீழ் விலைக்குத் தள்ளுவதற்கும் சேர்த்துத்தான் அதிக விலை. சான்று விதைக்கும் சந்தை விதைக்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது. சந்தை விதையும் சில வருஷம் நன்றாக முளைத்துவிடும். எந்த வருஷம் என்பதுதான் தெரியாது.

அன்பருடைய ஐந்து ஊமைத் தோட்டாக்களுக்கு வருவோம். அவற்றின் விளிம்பில் ஊசி பதிந்த குழியைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். வெடித்த வெற்றுக் குப்பியின் குழியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஊமையில் குழி ஆழமில்லாமல் லேசாக இருந்தால் குற்றம் துப்பாக்கியுடையது: தேய்ந்த ஊசி, தளர்ந்த சுருள்வில், அல்லது தோட்டா அமரும் அறையில் படிந்த மெழுகும் கரியும். தோட்டா முழுவதும் உள்ளே போய் அமராவிட்டால், ஊசியின் அடியில் பாதி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். தகப்பனார் காலத்து ரைபிள் என்பதால் இதை முதலில் சந்தேகிப்பேன். அறையைச் சுத்தம் செய்து மறுபடி சுட்டுப் பாருங்கள். சுருள்வில்லை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். மாறாக, இரண்டு குழியும் ஒரே ஆழத்தில் நன்றாகப் பதிந்திருந்தால் குற்றம் தோட்டாவுடையது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பைசா இல்லை. இருந்தும் இதைச் செய்யாமல் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களே அதிகம்.

ஐம்பதில் ஐந்து என்றால் பத்து சதவீதம் என்று முடிவு கட்டலாமா? இங்கேதான் விதைப் பரிசோதனைப் பாடம் உதவுகிறது. முளைப்புத்திறன் பார்க்கும்போது பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துவிட்டு முடிவு சொல்வதில்லை. ஆய்வகத்தில் 400 விதை எடுப்பது முறை. ஐம்பதில் ஐந்து பொய்த்தால், அந்தக் குவியலின் உண்மையான பழுது 3 சதவீதமாகவும் இருக்கலாம், 22 சதவீதமாகவும் இருக்கலாம். ஐந்நூறில் ஐம்பது பொய்த்தால் மட்டுமே, 8 முதல் 13 சதவீதத்துக்குள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒன்றும் பொய்க்காதபோது ஒரு சுலபமான கணக்கு உண்டு. 3-ஐச் சுட்ட எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஐம்பதும் வெடித்தால் பழுது 6 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்புக் குறைவு. நூறும் வெடித்தால் 3 சதவீதம், முந்நூறும் வெடித்தால் 1 சதவீதம். ஒரு பெட்டி சுத்தமாக வெடித்துவிட்டது என்று ஒரு தோட்டாவைப் புகழ்வதும், முதல் பெட்டியிலேயே இரண்டு பொய்த்தது என்று ஒரேயடியாக ஒதுக்குவதும் அவசரமே. பெட்டியில் அச்சிட்ட குவியல் எண்ணை ஒரு நோட்டில் குறித்து, சுட்டது, பொய்த்தது என்று இரண்டு வரிசை எழுதி வாருங்கள். ஒரே பெயரில் வந்தாலும் குவியல் எண் மாறினால் அது வேறு சரக்கு.

இனி, ஒரே இடத்தில் படாத சங்கதி. இந்தக் குண்டு சாதாரணமாக விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. வேக வகையில் 380 மீட்டர் வரை போகும். ஒரு தோட்டா 330-லும் அடுத்தது 310-லும் கிளம்பினால், 50 மீட்டர் தூரத்தில் இரண்டாவது குண்டு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே படும். 100 மீட்டரில் வித்தியாசம் ஆறு ஏழு சென்டிமீட்டர் ஆகிவிடும். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டி இதே வகைத் தோட்டாவில் நடப்பது. அங்கே பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். வேகத்தில் இந்த ஒரு வித்தியாசம் போதும், கை ஆடாமல் சுட்டாலும் பத்து போய்விடும். அதனால்தான் போட்டியாளர்கள் தங்கள் ரைபிளுக்குப் பொருந்தும் குவியலைச் சுட்டுத் தேர்ந்தெடுத்து, அதே எண்ணில் மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.

தோட்டாவை நகைத் தராசில் நிறுத்துப் பொறுக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நான் அதை நம்புவதில்லை. முழுத் தோட்டா சுமார் மூன்றரை கிராம். அதில் வெடித்தூள் 0.1 கிராம் அளவுதான். வேகத்தை மாற்றுவது அந்தத் தூளில் உள்ள சிறு வித்தியாசம். தராசு காட்டுவதோ பெரும்பாலும் ஈயத்தின், பித்தளையின் வித்தியாசம். மூட்டையோடு நிறுத்து உள்ளே கல் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது போலாகும். ஒரே ஒரு ஐந்து குண்டுக் கூட்டத்தைப் பார்த்து மகிழ்வதும் சரியல்ல. பத்துப் பத்தாக ஐந்து அட்டைகள் சுட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அட்டைகளைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலை ஈரம் காரணமா என்றால், ஓரளவு ஆம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தோட்டா பொய்க்காது, உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்தத் தோட்டாவில் குண்டு, குப்பியின் வாயில் லேசாகவே இறுக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊரில், திறந்த பெட்டியில் வருஷக்கணக்கில் கிடந்தால் மருந்து நமத்துப்போக இடமுண்டு. இறுக மூடும் தகர டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்துப் பூட்டுங்கள். துப்பாக்கி வேறு இடத்தில் பூட்டியிருக்கட்டும். சட்டைப் பையில் போட்டுத் திரிந்தால் மேலே உள்ள மெழுகு தேய்ந்து தூசி ஒட்டும். துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவுவது மிகத் தவறு, எண்ணெய் உள்ளே கசிந்து மருந்தைக் கொன்றுவிடும். நமத்த பட்டாசை வெயிலில் வைப்பது போல் தோட்டாவைக் காபிக் களத்தில் உலர்த்துவதும் வேண்டாம். ஒருமுறை கெட்ட மருந்து வெயிலில் திரும்பி வராது.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். குழலைக் குறிப்பலகைப் பக்கமே காட்டிக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருந்து, முகத்தை விலக்கிக்கொண்டு திறக்க வேண்டும். ஊமைத் தோட்டா திருப்பிப் போட்டால் வெடிக்கக்கூடும் என்று மேலே எழுதினேன். அதை மைதானப் பொறுப்பாளர் அனுமதித்தால் மட்டுமே செய்யலாம்.

இதைவிட ஆபத்தானது, சத்தம் குறைந்து புஸ்ஸென்று போகும் தோட்டா. அதன் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கவோ பிளக்கவோ செய்யும். சத்தம் மாறினால் அத்துடன் நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு, குழலில் கம்பியை விட்டு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. மலிவுத் தோட்டாவில் பத்துக்கு ஒன்று பொய்ப்பதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். இப்படிப் புஸ்ஸென்று போவது ஒரே குவியலில் இரண்டு முறை வந்தால், அந்தக் குவியலை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வெடிக்காதவற்றைத் தோட்டத்தில் புதைக்கவோ அடுப்பில் போடவோ வேண்டாம். அவை கணக்கில் உள்ள தோட்டாக்கள். தனி டப்பாவில் எண்ணி வைத்து, வாங்கிய விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைத்து, நோட்டில் தேதியுடன் எழுதிக்கொள்ளுங்கள். ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிட உட்காருங்கள்.