டாக்ஸி புக்கிங் எழுதத் தெரியுமா?

கேள்வி: பி.சி.ஏ. முடித்திருக்கிறேன். அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. சாஃப்ட்வேர் இன்டர்வியூ என்றாலே இங்கிலீஷ் பயம். எப்படித் தயாராவது?
– வாசகி, ஆனைக்குட்டம்

பதில்: இங்கிலீஷ் பிறகு. முதல் கண்டம் கோடிங்தான். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் சாஃப்ட்வேர் நிறுவனமான ஸோஹோவையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக முதலில் எழுத்துத் தேர்வு: கணக்குப் புதிர்கள், ஒரு சி புரோகிராமைக் கொடுத்து என்ன விடை வரும் என்ற கேள்விகள். அடுத்து சின்னச் சின்ன புரோகிராம்கள். பலர் கவிழ்வது மூன்றாவது சுற்றில். டாக்ஸி புக்கிங், ரயில் டிக்கெட் மாதிரி ஒரு அப்ளிகேஷனைச் சில மணி நேரத்தில் முழுசாக எழுதச் சொல்வார்கள். (யூடியூப் பார்த்து மட்டுமே படித்தவர்களுக்கு இங்கேதான் கை நடுங்கும்.)

பழகுவதற்குச் சிவகாசி அச்சகத்துக் காலண்டர் ஆர்டரை எடுங்கள். யாருக்கு எத்தனை, அட்வான்ஸ் எவ்வளவு, டெலிவரி எப்போது, பாதியில் ஆர்டரை மாற்றினால் என்ன ஆகும்? அந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. எழுதும்போதே ஏன் அப்படி எழுதுகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் தமிழிலேயே சொல்லலாம். கோடிங் சுற்றுகளுக்குப் பிறகுதான் ஹெச்.ஆர். சுற்று, அதற்கு இவ்வளவு பயம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று: வேலைக்கு முன்பணம் கட்டு என்று யாராவது கேட்டால், போனை வைத்துவிடுங்கள்.