முதுகே கோணமானி!

இன்று முடிதிருத்தும் கடைகளில் பெரும்பாலும் மாற்று பிளேடுதான். கோவிலம்பாக்கத்தில் ஒரு முதியவர் தம் பழைய மடக்குச் சவரக்கத்தியைத் தீட்ட எனக்குக் கற்றுத் தந்தார். "கத்தியைக் கல்லில் படுக்க வையுங்கள் சார், அழுத்தாதீர்கள்" என்றார். நான் அழுத்தினேன். கத்தி முன்னிலும் மழுங்கியது! ஏன்?

முதலில் கோணத்தைப் பார்ப்போம். முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லைத் தொடவேண்டும். முதுகின் தடிமன் 5 மி.மீ., பக்கத்தின் அகலம் 18 மி.மீ. என்று கொள்ளுங்கள். குறுக்குவெட்டு ஓர் இருசமபக்க முக்கோணம். அதன் உச்சிக்கோணம் ஏறத்தாழ 16 பாகை. ஆக, கோணத்தைக் காப்பது கையன்று, முதுகே!

அடுத்தது அழுத்தம். அழுத்தம் என்பது விசை ÷ பரப்பு. விளிம்பின் பரப்போ மிகமிகச் சிறிது. ஆகவே சிறு விசையும் பேரழுத்தமாகிறது. மயிரை வெட்டுவது இந்த அழுத்தமே. கல்லின்மேல் கையை அழுத்தினால் விளிம்பை வளைத்துக் கெடுப்பதும் இதுவே.

எஃகு மயிரைவிடச் சுமார் 50 மடங்கு கடினமானது. ஆயினும் சவரத்தின்போது மயிர் எஃகு விளிம்பைச் சில்லுசில்லாகப் பெயர்க்கக்கூடும் என்பதை 2020-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கண்டனர். கத்தியை மீண்டும் மீண்டும் தீட்டுவது அதனால்தான்.

உங்களுக்கு ஒரு கேள்வி: தீட்டத் தீட்ட முதுகும் விளிம்பும் சேர்ந்தே தேய்கின்றனவே, கோணம் பெரிதும் மாறுமா? கத்தியைத் தொடாமல், தாளில் முக்கோணம் வரைந்து விடை காணுங்கள்.